வகுப்பறையில் ஒரு வாக்குச்சாவடி

மனைவி போனபின் வாக்களிக்கத் தனியாகத்தான் போகிறேன். பெயரைக் கேட்கிறார்கள், கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அந்த மேசைமுன் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பதினோரு வயதில் நானும் ஒருநாள் மேசைக்கு அந்தப் பக்கம் அப்படி உட்கார்ந்திருந்தேன்.

திருச்சியிலிருந்து அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பள்ளிப் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார ஒரே ஒருவன்தான் உண்டு. எங்கள் வகுப்பின் ஒரே கறுப்பினப் பையன்.

அந்த வாரம், அடிமை முறை ஒழிந்த காலத்துச் சட்டத் திருத்தங்கள் பாடம். ஒன்று விடுதலை தந்தது, அடுத்தது குடியுரிமை, மூன்றாவது கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை. சட்டம் வந்தும் வாக்குச்சாவடியில் நடந்தது வேறு என்று காட்ட ஆசிரியை ஒரு நாடகம் போட்டார். மூன்றையும் மனப்பாடமாகச் சொல்வேன் என்பதால் நான்தான் அதிகாரி. மற்றவர்களிடம் பெயர் கேட்டால் போதும். என் பேருந்துத் தோழனை மட்டும் மூன்றாவது திருத்தத்தை ஒப்பிக்கச் சொல்லி, எப்படிச் சொன்னாலும் திருப்பி அனுப்ப வேண்டும்.

காரணமில்லாமல் அனுப்புவது எனக்கு அநியாயமாகப் பட்டது. அதனால் உன்னிப்பாகக் கேட்டேன். தடுமாறாமல் சொல்லிக்கொண்டே வந்தவன் கடைசி வரியில் ஒரு சின்னச் சொல்லை விட்டுவிட்டான். "ஃபெயில்!" என்று கத்தினேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியை பிறகு விளக்கியது எதுவும் என் காதில் விழவில்லை.

பேருந்தில் அவன் கேட்டான். "அது நாடகம்தானே?"

"நாடகம்தான். ஆனா நீ நிஜமாவே தப்பாத்தான் சொன்னே."

"தெற்கு மாநிலத்துல ஓட்டுப் போடப் போன எங்க தாத்தாகிட்டயும் அப்படித்தான் சொன்னாங்களாம்."

அவரும் சரியாகப் படிக்காமல் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொல்லியும் விட்டேன். அவன் எழுந்து வேறு இருக்கைக்குப் போனான்.

வீட்டில் அப்பாவுக்கு ஒரே பெருமை. "ஒரு வார்த்தை விட்டாலும் விட்டதுதானேடா! கரெக்டா பிடிச்சியே!"

"ஃப்ரெண்டாச்சே, விட்டிருக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

"பரீட்சைல என்ன ஃப்ரெண்டு?"

யாரும் தேறக்கூடாது என்றே ஒரு பரீட்சை வைப்பார்கள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தோற்றவன் படிக்காதவன், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த நியாயம்.

மறுநாள் பேருந்தில் பக்கத்து இருக்கையில் என் பையை வைத்து அவனுக்கு இடம் பிடித்திருந்தேன். வந்து மன்னிப்புக் கேட்பான், உடனே மன்னித்துவிடலாம் என்று காத்திருந்தேன்.