மருத்துவருக்கு அனுப்பிய படங்கள்

என் கணவருக்கு முதலில் எரிந்தது மீன் குழம்பு பட்டபோது. இடது கன்னத்தின் உட்புறம் ஒரு புண். "கடவாப் பல்லு குத்துது, வேற ஒண்ணுமில்ல" என்றார். தேன் தடவினோம். மணத்தக்காளிக் கீரை சமைத்தேன். நான்கு மாதம் அப்படியே போனது. இதை வாசிக்கிற உங்கள் வீட்டில் யாருக்காவது வாய்ப்புண் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், கீரையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

அவர் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுகிறவர். விடியும் முன்பே தொடங்கும் வேலை. தூக்கம் வராமலிருக்கக் கன்னத்தில் புகையிலை அடக்கிக்கொள்வார். தென்காசிப் பல் மருத்துவர் வாயைப் பார்த்துவிட்டு, பல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் திருநெல்வேலிக்குச் சீட்டு எழுதினார். அங்கே பயாப்சி (புண்ணிலிருந்து சிறு துணுக்கை வெட்டிச் சோதிப்பது) செய்தார்கள். புற்றுநோய். தாடை எலும்பு வரை போயிருந்தது.

அறுவை சிகிச்சை பகல் முழுக்க நடந்தது. இடப்பக்கத் தாடையையும் நாக்கில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தசையும் தோலும் வெட்டிக் கன்னத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டார். என் வயதுள்ள பெண்.

"தினமும் காலைல ஒரு போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்கம்மா. ஒரே இடம், ஒரே வெளிச்சம். தோல் கறுத்தாலோ, புதுசா வீக்கம் வந்தாலோ எனக்குத் தெரியணும்."

புறவாசலில் வெளிச்சம் விழும் இடத்தில் நாற்காலி போட்டேன். முதல் நாள் மூன்று படம் கலங்கிப்போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தினமும் அப்படித்தான். கோயம்புத்தூரில் படிக்கும் எங்கள் மகள் கனிக்கு ஒரு நாள் ஒரு படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அம்மா, இனிமே அனுப்பாதீங்க. என்னால கிளாஸ்ல உக்கார முடியல."

அதன்பின் அனுப்பவில்லை.

வீட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்திருந்தேன். பேச்சு குழறியதால் அவர் நோட்டில் எழுதிக் காட்டுவார். படத்தைக் கேட்டு எழுதும்போதெல்லாம், "புண்ணு ஆறட்டும், பொறவு பாக்கலாம்" என்பேன். ஒரு நாள் குளித்துவிட்டு வந்தால் போன் அவர் கையில். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்தலையோடு நின்றேன். கடைசிவரை பார்த்துவிட்டு நோட்டை இழுத்தார்.

"செத்தவன எடுத்த மாரி இருக்கு. நாளைக்கு கண்ணத் தொறந்துகிடுதேன்."

மறுநாளிலிருந்து நேராகப் பார்த்தார். அதுவரை நான் தையலை மட்டுமே பார்த்துவந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கதிர்வீச்சு முப்பது முறை. பேருந்தில் போய்வந்தோம். கழுத்துத் தோல் வெந்து உரிந்தது. மூக்கில் செருகிய குழாய் வழியே கஞ்சி. எல்லாம் முடிந்து குழாயை எடுத்தபோது குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. ஐந்தருவிக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன். முகத்தில் சுற்றியிருந்த துண்டு காற்றில் விலகியதும், பக்கத்தில் நின்ற குழந்தை வீறிட்டு அழுதது. துண்டைக் கண்வரை ஏற்றிக்கொண்டார். குளிக்காமலே திரும்பினோம்.

அடுத்த வாரம் இடது காதுக்குக் கீழே ஒரு வீக்கத்தைப் பார்த்தேன். பட்டாணி அளவு. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அன்று நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டேன். படத்தில் வீக்கம் விழவில்லை. மருத்துவரிடமிருந்து கட்டைவிரல் குறி வந்தது. மறுநாளும் அப்படியே செய்தேன். ஆறு நாள். ஒவ்வொரு கட்டைவிரலையும் நல்ல சேதி என்றே நம்பப் பார்த்தேன்.

ஏழாம் நாள் நான் போனைத் தூக்கியதும் அவர் எழுந்தார். நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கழுத்தைச் சாய்த்து, காது மடலை விரலால் மடக்கிப் பிடித்தார்.

"எனக்கும் தெரியும் ஏட்டி. எடு." குழறல்தான். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"வேண்டாங்க."

"நீ மறைச்சா அது போயிருமா?"

எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மருத்துவர் கூப்பிட்டார். "நாளைக்கே கூட்டிட்டு வாங்கம்மா."

நிணநீர் முடிச்சுகளுக்கு (கழுத்திலும் அக்குளிலும் இருக்கும் சிறு சதை முடிச்சுகள்) நோய் பரவி, கழுத்தின் பெரிய இரத்தக்குழாயைச் சுற்றியிருந்தது. மறுபடி வெட்ட முடியாது என்றார்கள். அந்த ஆறு நாளைச் சொல்லி மருத்துவரிடம் அழுதேன்.

"ஆறு நாள்ல ஒண்ணும் மாறியிருக்காதும்மா" என்றார். "ஆனா இனி எங்கிட்ட மறைக்காதீங்க" என்றார். இரண்டாவது சொல்தான் எனக்கு அடிக்கடி கேட்கிறது.

அதன்பின் வலித்தணிப்பு (நோயைக் குணமாக்க அல்ல, வேதனையைக் குறைக்க) மட்டும். இனிப் படம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். என் கணவர் விடவில்லை. காலையானால் விரலால் போனைக் காட்டுவார். எதற்கு என்று கேட்டேன். "கனி பொறவு கேப்பா" என்று எழுதினார்.

கனி விடுப்புப் போட்டு வந்தாள். கடைசிப் பன்னிரண்டு நாளும் அவளே எடுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் மூச்சு நின்றது. அஞ்சலிச் சுவரொட்டிக்குக் கன்னம் நிறைந்த பழைய படத்தைச் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கொடுத்தேன்.

இப்போது சாப்பிட உட்கார்ந்தால் என் இடது கை தானாகப் போய்த் தாடையைத் தாங்கிக்கொள்கிறது. கனி பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். எனக்கு நோய் ஒன்றுமில்லை. ஆனாலும் கையை எடுத்தால் தாடை விழுந்துவிடும்போல் இருக்கிறது.

போன வருடம் இதே நாளில் எடுத்த படத்தைக் காலையில் போன் தானாகவே காட்டுகிறது. அதை நிறுத்தும் வழியைக் கனி சொல்லித் தந்தாள். நான் நிறுத்தவில்லை. அதனால் எனக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு நாளாக நடக்கிறது. இன்றைய படத்தில் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார். காதுக்குக் கீழே ஒன்றுமில்லை.

இன்னும் ஒன்பது நாளில் அந்த வீக்கம் வரும்.