கண்ணூறுக்குக் கட்டின கள்ளி

என்ட மச்சாள் கேதீஸ்வரிக்கு நாவற்குடாவில ஒரு பேர் இரிக்கு. கள்ளிக்காரி. என்ட அண்ணன் உதயரூபன் அவளைக் கலியாணம் முடிச்சு வாகரையில இருந்து கூட்டிக்கொண்டு வந்த காலத்தில அந்தப் பேர் இல்ல. தையல் மெசினுக்குப் பின்னால இரிந்து பள்ளிக்கூடச் சட்டை தைப்பாள், கேட்டாக் கதைப்பாள், அவ்வளவுதான். அண்ணன் கட்டாருக்குப் போன பிறகுதான் இந்த விசர் பிடிச்சது. ஒரு கள்ளி வாங்கினாள், மறுகா ஒண்டு, மறுகா ஒண்டு. இப்ப எங்கட குசினிக்கு மேல மொட்டைமாடியில ஏறினா கால் வைக்க இடமில்ல. உடைஞ்ச தயிர்ச்சட்டி, யோகட் கப், ஐஸ்கிறீம் டப்பா எண்டு எல்லாத்திலயும் முள்ளு.

முள்ளுச் செடி வீட்டில வளந்தாச் சண்டை வரும் எண்டு அம்மா தலையில அடிச்சுக்கொண்டா. "எங்கட வீட்டுக்குச் சண்டை வாறதுக்குக் கள்ளி என்னத்துக்கும்மா, நான் ஒருத்தி இரிக்கன் தானே" எண்டு சொன்னன். பொய்யில்ல. எனக்குக் கோவம் மூக்கு நுனியில. கேதிக்குக் கோவமே வராது, ஆனா பிடிச்சா உடும்புப் பிடி.

அத்தனை செடிக்குள்ளயும் அவள் உயிரா வைச்சிரிந்தது ஒண்டுதான், நட்சத்திரக் கள்ளி. முள்ளே இல்லாத கள்ளி அது. உருண்டையா, தட்டையா, மேலயிருந்து பாத்தா எட்டுத் துண்டா வெட்டின மாதிரி இரிக்கும். ஒவ்வொரு துண்டிலயும் வெள்ளைப் பஞ்சுப் பொட்டு. காத்தான்குடியில ஒரு குடும்பம் வீடு மாறிப் போகக்குள்ள அவளுக்குக் குடுத்தது. வருசா வருசம் கச்சான் காத்து அடிக்கிற காலத்தில மஞ்சளா ஒரு பூப் பூக்கும். மத்தியானம் விரியும், பின்னேரம் மூடும், மற்ற நாளும் விரிஞ்சா அது அதிட்டம். ஆனா காய் பிடிக்காது. இந்தச் சாதிக் கள்ளி தன்ட மகரந்தத்துக்குத் தானே காய்க்காதாம். வேற ஒரு நட்சத்திரக் கள்ளி அதே நேரம் பூத்திரிக்கணும்.

அந்த வேற ஒண்டைத் தேடித்தான் கேதி இவ்வளவு வருசமா ஒரு செடிக் கடை விடாம ஏறி இறங்கினாள். ஏத்தி இறக்கினது நான், என்ட ஸ்கூட்டியில. ஃபோன்ல கள்ளி வளக்கிறாக்களுக்கு ஒரு குறூப் இரிக்கு. அதில ஒருத்தர் எழுதினார், "வாவிக்கரை ஈரத்தில இதுக்கு விதை எடுக்க ஏலாது, ஆசைய விடுங்க" எண்டு. கேதி ரெண்டு சொல்லு போட்டாள்: "நான் எடுப்பன்." எனக்கு அண்டைக்கு வந்த கோவம். "ஏன்டி, இல்லாத மாப்பிள்ளைக்குப் பந்தல் போடுறியா?" எண்டு ஏசிப்போட்டன்.

போன மாரிக்கு முந்தின மாரி மழையோட அந்தச் செடியின்ட அடி கறுத்துப் போச்சு. அழுகினத வெட்டிக் கறுவாத்தூள் அப்பிக் காயவைச்சு, அரைச் செடியைத்தான் காப்பாத்தினாள். போன வருச ஆனியில அது ஒரு மொட்டு விட்டிச்சு. கேதி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இதுதான் இதுட கடைசிப் பூ மச்சாள். இதுக்கு விதை எடுக்காட்டி இந்தச் செடி என்னோட முடிஞ்சிரும்" எண்டாள்.

மொட்டு விரியிற அண்டைக்குத்தான் நாங்க களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குப் போனம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறது அவள்ட நேத்திக்கடன். திருவிழாவோட ரோட்டோரம் நெடுக பூக்கன்றுக் கடை வரும், அதையும் ஒருக்காப் பாத்துப்போட்டு மத்தியானத்துக்குள்ள திரும்பிரலாம் எண்டது அவள்ட கணக்கு.

கடைசியாப் போன கடை அழகரத்தினம் அண்ணன்ட. அவர் வெத்திலைத் தோட்டக்காரர். திருவிழாக் காலத்தில மட்டும் மலைநாட்டு லொறியில வாற செடிகளை வாங்கி விப்பார். அவர்ட கள்ளித் தட்டைப் பாத்திட்டுக் கேதி அப்பிடியே நிண்டுட்டாள். விரலால தொட்டா எல்லாம் பழுத்த வாழைப்பழமாக் கொளகொளங்குது. மனிசன் வெத்திலைக் கொடிக்கு ஊத்துற மாதிரி விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா வாளியால ஊத்தியிரிக்கார்.

"அண்ணே, கள்ளிக்கு இப்பிடித் தண்ணி ஊத்துவாங்களா?" எண்டு நான் பாய்ஞ்சன்.

"தண்ணி இல்லாம எது தங்கச்சி வளரும்?" எண்டார். அவருக்கு உண்மையாவே விளங்கல்ல. "எல்லாம் வந்த நேரம் நல்லாத்தான் இரிந்திச்சி. ஆர்ட கண் பட்டிச்சோ."

கண் எண்டதும் கேதி மேல பாத்தாள். கடைக் கூரைக் கம்பில கண்ணூறுக்கு ஒரு கயிறு தொங்குது. தேசிக்காய், பச்சை மிளகாய், ஒரு கரித்துண்டு, அதுக்குக் கீழ பழைய மீன் வலைத் துண்டில தலைகீழாக் கட்டின ஒரு உருண்டை. அந்த வலைக்குள்ளால மஞ்சளா ஒரு பூ நிலத்தைப் பாத்து விரிஞ்சுகொண்டிரிந்திச்சு.

கேதி என்ட கையப் பிடிச்ச பிடியில வளையல் நெரிஞ்சு போச்சு.

"அதுவா?" எண்டார் அழகரத்தினம் அண்ணன். "முள்ளுமில்லாத கள்ளி எண்டு ஒருத்தரும் வாங்கல்ல. பாத்தா முழிச்ச கண் மாதிரி இரிந்திச்சி. கண்ணுக்குக் கண் எண்டு தூக்கிக் கட்டிப்போட்டன்."

வாளித் தண்ணி எட்டாத உயரத்தில தொங்கினபடியால் அது ஒண்டுதான் தப்பினது. வேர் காத்தில காயக் காயப் பூவும் விட்டிரிக்கு.

"எனக்கு அதைத் தாங்க அண்ணே. என்ன விலையெண்டாலும் சொல்லுங்க" எண்டாள் கேதி.

அவர் ரெண்டு கையையும் ஆட்டினார். கண்ணூறுக்குக் கட்டினதை விக்கப்படாது, குடுக்கவும் படாது. கடையில விழுந்த கண்ணெல்லாம் அதிலதான் கிடக்கு. வாங்கினவர்ட வீட்டுக்கு அது போகும், வித்தவருக்குப் பழி. திருவிழா முடியிற அண்டைக்குச் சந்தியில எறிஞ்சுபோட்டுத் திரும்பிப் பாக்காமப் போகணும், அதுதான் முறை. அவர்ட மனிசி கண்ணகை அக்காவும் உள்ளுக்கிருந்து வந்து, "அதில ஒரு இதழையும் தொடாத புள்ள, உனக்குத்தான் கூடாது" எண்டா. நான் கெஞ்சினன், பிறகு கத்தினன், பிறகும் கெஞ்சினன். ஒண்டும் சரிவரல்ல.

கேதி கத்தவுமில்ல, அழவுமில்ல. யோசிச்சுக்கொண்டு நிண்டவள் கேட்டாள்: "அதில இருந்து எடுக்கத்தானே படாது அண்ணே. அதுக்கு ஒண்டைக் குடுக்கலாமா?"

மனிசன் மனிசியைப் பாத்தார். மனிசி அவரைப் பாத்தா. அதுக்கு ஒண்டைக் குடுக்கப்படாது எண்டு ஒரு முறை அவங்க கேள்விப்பட்டதில்ல. "குடுத்தா என்ன, குடு" எண்டா கண்ணகை அக்கா.

"ஸ்கூட்டிய எடுங்க மச்சாள்."

போற வழியில கேதி காதுக்குள்ள சொல்லிக்கொண்டு வாறாள். அவள்ட அரைச் செடிக்குக் காய் தாங்கிற சத்து எப்பிடியும் இல்லையாம். மகரந்தத்தைக் கொண்டுபோய் மற்றதுக்கு வைச்சா, காய் அதில பிடிக்குமாம். "இது தகப்பனா இரிந்தாப் போதும் மச்சாள்."

நாவற்குடாவுக்கு வந்து பாத்தா மாடியில பூ விரிஞ்சு நிக்குது. செடியோட தூக்கி ஒரு வாளிக்குள்ள வைச்சு, மேலால ஈரமில்லாத துணி மூடி, அவள் மடியில வைச்சுக்கொண்டாள். கச்சான் காத்து முகத்தில அறையுது. கல்லில ஏறினாலும் பள்ளத்தில விழுந்தாலும் செடிக்கு நோகும் எண்டு, வாழ்க்கையில முதல் தரம் நான் மெதுவா ஓடினன். பின்னால ஹோர்ன் அடிச்ச ஒரு பஸ்காரனுக்கு நான் சொன்னதை இங்க எழுத ஏலாது.

களுதாவளைக்கு வந்து சேரக்குள்ள வெயில் சாயுது. தொங்கினது மூடத் துவங்கல்ல. கேதி ஒரு முக்காலியில ஏறி, பெயின்ட் அடிக்கிற சின்னத் தூரிகையால தன்ட பூவில தடவித் தடவி அந்தத் தலைகீழ்ப் பூவுக்குள்ள வைச்சாள். எடுக்கிறது ஒரு பக்கம், குடுக்கிறது மற்றப் பக்கம். தூரிகை மாறித் திரும்புதா எண்டு அழகரத்தினம் அண்ணன் கீழ நிண்டு முழிச்சபடி பாத்தார். சனம் கூடிட்டு. கண்ணூறு கழிக்கிறாங்க எண்டு நினைச்சு ஒரு கிழவி பேரப்பிள்ளையையும் முக்காலிக்குக் கிட்டக் கொண்டுவந்து நிப்பாட்டினா. முடிஞ்ச பிறகு தூரிகையைக் கொண்டு போகவும் விடல்ல. "அதிலயும் கண் பட்டிட்டு" எண்டு வாங்கி, மிளகாயோட சேத்துக் கட்டிட்டார்.

அதுக்குப் பிறகு திருவிழா முடியிற வரைக்கும் கேதிக்குச் சோறு இறங்கல்ல. ஒவ்வொரு நாளும் களுதாவளைக்குப் போய் கயிற்றுக்குக் கீழ நிண்டு அண்ணாந்து பாப்பாள். பூ வாடிச்சு. வாடின பூவின்ட அடி ஊதிச்சு, காய் பிடிச்சிட்டு. எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிஞ்ச வெற்றி அது. ஆனா எறியிற அண்டைக்கு அது அழுக்குத் தண்ணி ஓடுற கானுக்குள்ள விழுந்தா என்ன செய்யிற? ரோட்டில விழுந்து லொறி ஏறினா?

கடைசி நாள் தீர்த்தம் முடிஞ்ச பின்னேரம் அழகரத்தினம் அண்ணன் கயிற்றை அவிட்டுக்கொண்டு சந்திக்கு நடந்தார். நாங்க பின்னாலயே போனம். எனக்கு உள்ளுக்குப் பயம், மறைக்கல்ல. "அத்தனை கண்ணும் உனக்குத்தான்டி வரும்" எண்டன்.

"இவ்வளவு வருசமா என்ட செடிய ஒரு கண்ணும் திரும்பிப் பாக்கல்ல மச்சாள். வரட்டும்."

எல்லாரும் முன்னால பாத்துத்தான் எறிவாங்க. இந்த மனிசன் சந்திக்கு நடுவில போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நிண்டார். எறிஞ்சார் எண்டும் சொல்ல ஏலாது. குழந்தைக்குப் பந்து போடுற மாதிரி, தோளுக்கு மேலால பின்பக்கம் மெதுவா விட்டார். கேதி முந்தானைய விரிச்சுக்கொண்டு ஓடி, நிலத்தில படுறதுக்கு முதல் அதை ஏந்திட்டாள். தேசிக்காய் ஒரு பக்கம், மிளகாய் ஒரு பக்கம் சிதறிச்சு. கள்ளி அவள்ட நெஞ்சோட கிடந்திச்சு. அழகரத்தினம் அண்ணன் திரும்பிப் பாக்காமலே நடந்து போனார், ஆனா நடையில ஒரு சந்தோசம் இரிந்திச்சு. நான் நடு ரோட்டில நிண்டு கை தட்டினன். வெக்கமா? எனக்கென்ன வெக்கம்.

காய் முத்தி வெடிச்சு, கறுப்பா எள்ளை விடச் சின்னதா விதை கொட்டிச்சு. கறிவேப்பிலை வாங்கின பிளாஸ்டிக் பெட்டியில மணலும் கரித்தூளும் போட்டு விதைச்சாள். ஒரு காலையில என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். பச்சையா, உருண்டையா, குண்டூசித் தலையளவில பெட்டி நிறைய. குறூப்பில படம் போட்டாள், ஒரு சொல்லும் எழுதல்ல. ஏலாது எண்டவர்தான் முதலாவதாக் கும்பிடுற கைப் படம் ஒண்டு அனுப்பினார். அடுத்த மாரியில அவள்ட பழைய செடி செத்துப் போச்சு. அவள் அழுதாள், நானும் அழுதன். ஆனா அது வெறுங்கையோட போகல்ல.

இந்த ஆனியில களுதாவளைத் திருவிழாவில அழகரத்தினம் அண்ணன்ட கடைக்குப் பக்கத்தில கேதிக்கும் ஒரு மேசை. குஞ்சுக் கள்ளியெல்லாம் சட்டைப் பொத்தானளவு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு யோகட் கப்பில. காத்தான்குடியில இருந்து கள்ளி தேடி வந்த றுக்ஷானா எண்ட தங்கச்சி ஒண்டைக் கையில வைச்சு உருட்டி உருட்டிப் பாத்தா.

"ராத்தா, இது தாய்லாந்தில இருந்து எடுத்ததா?"

"இல்ல தங்கச்சி" எண்டாள் கேதி. என்ட மச்சாளுக்கு அவ்வளவு பலமாக் கதைக்க வரும் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். "தகப்பன் நாவற்குடா, தாய் களுதாவளை."

எங்கட மட்டக்களப்பில பிள்ளையளுக்குக் குடி, அதாவது குலம், தாய்வழியாத்தான் வரும் எண்டது எல்லாருக்கும் தெரியும். பக்கத்துக் கடையில இருந்து அழகரத்தினம் அண்ணன் எழும்பி வந்தார். "தாய் களுதாவளையெண்டா பிள்ளையள் எங்கட குடி" எண்டார், சனம் கேக்க, நெஞ்சை நிமித்திக்கொண்டு.

கேதி சிரிச்சாள். "ஓம் அண்ணே, உங்கட குடிதான். அந்த வாளிய மட்டும் கீழ வைச்சுப்போட்டு வாங்க."