மெதுவாத்தான் ஓடும்

மாப்பிள்ளைக்கு வாட்ச் வாங்கப் போனபோது அம்மா இருந்தாள், அவள் தம்பியான மாமா இருந்தார், நான் இருந்தேன். அப்பா இல்லை, தோல் பட்டறையில் அவசர ஆர்டர். அக்கா இல்லை, கல்யாணப் பெண் அலையக்கூடாதாம். செம்பூரில் ஆபீஸ் வேலை பார்க்கும் மாப்பிள்ளையை நான் இன்னும் பார்த்ததில்லை. அவருடைய அம்மா கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: பெரிய வாட்சுக்குள் மூன்று குட்டி வாட்ச் இருக்குமே, அது.

வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் என்பதால்தான் என்னையும் கூட்டிப்போனார்கள். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே குடைக்கடியில் கடை விரித்திருந்தவன் இரண்டு வாட்சுகளை நீட்டினான். இரண்டுமே ஏதோ பெரிய கம்பெனியின் நகல்; இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. முகப்பில் இருந்ததை மூச்சு வாங்கக் கூட்டி, "சுரோனோகிராப்" என்று முடித்தேன். மாமா கடைக்காரனைப் பெருமையாகப் பார்த்தார்.

"யே வொர்க்கிங், யே டம்மி," என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான் அவன். வொர்க்கிங்கில் பொத்தானை அழுத்தியதும் மெல்லிய முள் ஒன்று விருட்டென்று கிளம்பியது. இன்னொரு முறை அழுத்த, நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. டம்மியில் குட்டி முட்கள் சும்மா ஒட்டியவை, மணி மட்டும் காட்டும். அது அறுநூறு. ஓடுவது ஆயிரத்து நூறு.

"ஓடுறதையே வாங்கும்மா!"

"அவர என்ன ஓட்டப் பந்தயத்துக்கா அனுப்புதோம்? மணி காட்டுதுல்லா, போதும்."

"எக்கா, மாப்ள அமுக்கிப் பாத்துட்டாருன்னா?" என்றார் மாமா.

"பொண்ணப் பாப்பாரா, பொத்தானப் பாப்பாராடா?"

டம்மியே முடிவானது. ஆனால் கம்பெனிப் பெயர் பொறித்த வெல்வெட் பெட்டிக்குத் தனியாக நூற்றைம்பது கேட்டபோது, அம்மா பேரம்கூடப் பேசவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வாட்சைக் கட்டினார். கட்டிய கையோடு பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். மாமா பாயசம் பார்க்கப் போய்விட்டார். பன்னீர்ச் செம்போடு நின்ற அம்மா, ஏற்கெனவே தெளித்தவர்களுக்கே மறுபடி தெளித்தாள்.

"என்னய்யா, ஓடலியா?" என்று எட்டிப் பார்த்தாள் அவருடைய அம்மா.

உண்மை தெரிந்த படித்தவன் பக்கத்தில் இருக்கும்போது சபை குழம்பலாமா? "அது வந்து..." என்று வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை அத்தான் என் தோளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"ஓடுதும்மா. பெரிய கம்பெனி ஐட்டம்லா, மெதுவாத்தான் ஓடும். என்னடே, ஓடுதா இல்லியா?"

உற்றுப் பார்த்தேன். கண்ணிமைக்காமல் பார்த்தேன். மூன்றாவது குட்டி முள் லேசாக அசைந்த மாதிரியே இருந்தது.

"ஓடுது அத்தான்!" என்று கத்திவிட்டேன்.

காலையிலிருந்து குனிந்த தலை நிமிராத அக்கா, நிமிர்ந்து அவரைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்தாள். அம்மா எதற்கோ முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இவ்வளவு நல்ல காரியம் நடந்திருக்கும்போது இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்காரன் ஏமாந்துபோய் வொர்க்கிங்கையே கொடுத்துவிட்டான்! பந்தியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும், மாப்பிள்ளை வீட்டார் உட்பட, விலையோடு சொல்லிக்கொண்டு போனேன்: வாட்ச் அறுநூறு, பெட்டி நூற்றைம்பது, ஆக எழுநூற்றைம்பதே ரூபாய்.