கார்டில் விழுந்த இரண்டாவது கோடு

என் தங்கையின் ரத்தத்தை நானேதான் எடுத்தேன். தென்காசியில் ஒரு சின்ன லேபில் பல வருஷமாக எனக்கு இதுதான் வேலை. கண்ணெல்லாம் மஞ்சள், ஓயாத அசதி என்று வந்தாள். ஈரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்குப் பார்க்கும் கார்டில் இரண்டு கோடு விழுந்தது; ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு என்றால் இருக்கலாம். “இது முடிவு இல்ல, இன்னொரு டெஸ்ட் பாக்கணும்” என்று எத்தனையோ பேருக்குச் சொன்ன வாய் இது. சொந்தத் தங்கை என்றதும் நிதானம் போன இடம் தெரியவில்லை.

அவள் கணவருக்கு துபாயில் வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம், குற்றாலத்தில் சாரல் விழும்போது வருவார். அன்றைக்கே அவருக்குப் போன் போட்டேன்.

“தம்பி, அங்கன என்ன கூத்தடிச்சீங்க? இவ இங்கன ஈரல் கெட்டுக் கெடக்கா.”

அந்த வைரஸ் பெரும்பாலும் ஊசி, ரத்தம் வழியாகத்தான் பரவும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

“அப்படில்லாம் இல்ல மதினி. மொதல்ல அவள நல்ல டாக்டர்ட்ட காட்டுங்க” என்றார்.

தங்கையிடமும் என் சந்தேகத்தைச் சொல்லிவிட்டேன். அவள் அவருடைய போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

திருநெல்வேலி டாக்டர் வைரஸையே நேராகத் தேடும் டெஸ்ட் எழுதினார். வைரஸ் இல்லை. அப்புறம் வேறு ரத்தப் பரிசோதனைகள், ஈரலில் ஊசி விட்டு எடுத்த துளிச் சதை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் நோய் என்றார். யாரிடமிருந்தும் ஒட்டுவதில்லை. இதில் ரத்தத்தில் ஒருவகைப் புரதம் எக்கச்சக்கமாக ஏறுவதால் கார்டில் பொய்யாகவும் கோடு விழுமாம்.

“லேப்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மாத்திரையில் தங்கை தேறினாள், கணவரோடு பேசவும் தொடங்கினாள். நான் மட்டும் மன்னிப்புக் கேட்கப் போனை எடுப்பதும், “சாப்டீங்களா தம்பி?” என்று கேட்டு வைப்பதுமாக இருந்தேன்.

இந்தச் சாரலுக்கு அவர் வந்தார். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். தங்கை கை கழுவப் போன நேரத்தில், பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதே வைரஸுக்கு அவர் எடுத்த ரத்தப் பரிசோதனை. நெகட்டிவ். தேதி, நான் போன் செய்ததற்கு மறுநாள்.

“அப்பமே அனுப்பிருக்கலாம்லா தம்பி?”

“லேப்காரங்க நீங்க. நேர்ல பாத்தாத்தான் நம்புவீங்கன்னு வச்சிருந்தேன் மதினி.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். “மன்னிச்சிருங்க” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

“நீங்களே வச்சிக்கிடுங்க” என்றார்.