பிரதமரின் நகைச்சுவைக்கு டோர்ட்முண்டில் ஒரு பதில்

இன்று மாலை எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் வென்றுவிட்டேன்.

கேட்டது சின்ன விஷயம்தான். சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் பொது அறையைப் பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்குத் தாருங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறோம். இந்த மாதத்தோடு வகுப்பு நடக்கும் பழைய இடமும் கைவிட்டுப் போகிறது.

தலைவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியப் பிரதமர் ஒருவரின் பொன்மொழிப் புத்தகத்தோடுதான் வருவார். நாங்கள் கேட்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு நகைச்சுவையை வாசிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும்.

இன்றும் வாசித்தார். அவசர முடிவுகளைக் கிண்டல் செய்யும் ஒரு வரி. எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கத்தில் இருந்த சுகந்தி அக்கா, "விடு பிள்ளை, இந்த மனுசனோட கதைச்சு வெல்ல ஏலாது" என்றார்.

நான் எழுந்தேன். என் ஜெர்மன் இலக்கணம் உட்கார்ந்தே இருந்தது. ஆனாலும் சொன்னேன்:

"நல்ல பகிடி. ஆனால் அந்தப் பிரதமர் பேசி முடித்ததும் எதிர்க்கட்சி எழுந்து பதில் சொல்லும். பிறகு வாக்கெடுப்பு நடக்கும். இங்கே முதல் பாதி மட்டும்தான் நடக்கிறது."

முதலில் சிரித்தது தலைவர்தான். புத்தகத்தை மூடிவிட்டு, "சரி, கையை உயர்த்துங்கள்" என்றார்.

பதினான்கு கைகள். அதில் ஒன்று அவருடையது!

"ஓம், எனக்கு அப்பவே தெரியும்" என்கிறார் சுகந்தி அக்கா.

அறை கிடைத்துவிட்டது. இனி சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைப் படுக்கையிலிருந்து எழுப்புவது எப்படி? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.