சீஸில் ஒளித்த மாத்திரை

அந்த ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் பின்வாசல் படியில் உட்கார்ந்து மாக்ஸிக்கு உண்ணி பார்த்தார்கள். தாய் லோயிஸ் தன் நாயின் காதை மடக்கிப் பிடித்தாள். மெரெடித் இடுக்கியால் பிடுங்கி ஸ்பிரிட் பாட்டிலில் போட்டாள். நான்கு உண்ணிகள். புதன்கிழமை லோயிஸ் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

லோயிஸ் சாம்ப்லின், வயது எழுபத்தொன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றோர ஊர்களில் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். மாத்திரை என்றாலே அவளுக்கு ஆகாது, எதற்கும் மூலிகைதான். மெரெடித் நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் பொறியாளர்.

மே மாதம் மாக்ஸி நொண்டியது. இரத்தப் பரிசோதனையில், உண்ணி கடித்து வரும் லைம் நோய் என்று வந்தது.

"பக்கத்து ஊரு பேரையே நோய்க்கு வெச்சுட்டானுங்க. அவனுங்க மாத்திரைய வேற நான் வாங்கணுமா?" என்று லோயிஸ் மூலிகைச் சொட்டு கொடுத்தாள். பத்து நாளில் நாய் எழவே திணறியது.

மெரெடித் அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டர் பெல்டியரிடம் போனாள். நோய் சிறுநீரகத்தைத் தொட்டால் நாய் பிழைக்காது என்றார் அவர். ஒரு மாதத்துக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார். தினமும் காலையும் மாலையும் மெரெடித்தே வந்து, இங்கே எல்லோரும் செய்வதுபோல, சீஸ் துண்டில் ஒளித்துக் கொடுத்தாள். ஆறு நாளாகியும் நொண்டல் குறையவில்லை.

"பார்த்தியா?" என்று கேட்டு லோயிஸ் ஜெயித்திருக்கலாம். கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மருந்துத் தாளைப் படித்தாள்.

"ஏண்டி இன்ஜினியரம்மா, பால் சம்பந்தப்பட்டது கூடாதுன்னு போட்டிருக்கே. படிக்கலையா?"

"படிக்கலம்மா."

"கப்பலும் இப்படித்தான் கட்டுறீங்களா? நகரு. கோழிக்கறிய எடு."

அன்றிலிருந்து, தான் நம்பாத மருந்தை, வேளை தவறாமல் அவளே கொடுத்தாள். மூலிகைச் சொட்டை நிறுத்தினாள். "ரெண்டையும் குடுத்தா எது கேட்டுச்சுன்னு எப்படித் தெரியும்? உன் பாஷைதான்" என்றாள். நான்காம் நாள் மாக்ஸி படியேறியது.

"தேங்க்ஸ்மா."

"எனக்கெதுக்கு? முழுங்கினது அது."

எதிர்த்து வாதாடிய மருந்தை மனப்பூர்வமாகக் கொடுக்க எத்தனை பேரால் முடியும்? மெரெடித்தால் முடிந்திருக்காது. அது அவளுக்குத் தெரியும்.

மருந்து முடிந்துவிட்டது. சிறுநீரகம் தப்பியதா என்பது மட்டும் பாக்கி. ஃபிரிட்ஜ் கதவில் லோயிஸின் கையெழுத்து: "வியாழன் ஒன்பது மணி, பெல்டியர். மாக்ஸியின் காலை மூத்திரம். பழைய சூப் கரண்டியில் பிடிக்கலாம்."

கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் மாக்ஸியின் பெயர் ஒட்டிய பாட்டில், காலியாக.