"டீச்சர், குறை நினைக்க வாணாம்..."

போன மாதம் எங்கள் கார் ஒரு தென்னோலை வேலிக்குள் புகுந்தது. ஓட்டியது வேறு யாருமல்ல — நானேதான்!

பக்கத்து சீட்டில் ரிஸ்வானா. கரைத்தீவுப் பிள்ளை. பெண்களுக்கு டிரைவிங் பழக்குகிறாள். கெட்டிக்காரி. ஒரே ஒரு கரைச்சல்... அவள் பள்ளிக்கூடத்தில் என்னிடம் தமிழ் படித்தவள்.

என் வீட்டுக்காரருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. இனி வாகனம் ஓட்டவே கூடாது என்றுவிட்டார் டொக்டர். மாதாமாதம் கிளினிக். மகன்மார் வெளிநாட்டில். நானோ லைசன்ஸ் ட்ரயலில் ஏற்கெனவே ஒரு தரம் ஃபெயில். இந்த முறையும் ஃபெயிலானால்? அவரைக் கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவது?

சரி, வேலிக்கு வருவோம். வளைவு நெருங்குகிறது. ரிஸ்வானா வாயைத் திறந்தாள்.

"டீச்சர், குறை நினைக்க வாணாம், உங்களுக்கு ஏலுமெண்டா, கொஞ்சம் பிரேக்க..."

'அடிங்க' வருவதற்குள் வேலி வந்துவிட்டது!

அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? தமிழில் பயனிலை கடைசியில்தான் வரும் என்று அவளுக்குப் படிப்பித்ததே நான்தான்.

"ஏன் புள்ள, சத்தமா 'பிரேக் அடிங்க'ண்டு சொல்ல வேண்டியதுதானே?"

"அல்லாஹ்! உங்களுக்கா டீச்சர்? எனக்கு வாய் வராது."

பழக்குகிறவருக்குத் தொழில் தெரிந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. அதட்டவும் வேண்டும். அந்த உரிமையைச் சில நேரம் பழகுகிறவர்தான் வலியக் கொடுக்க வேண்டும்... கொடுத்தேன்.

"காருக்குள்ள நான் டீச்சரில்ல. இனி முதல்ல பயனிலையச் சொல்லு. மரியாதையெல்லாம் இறங்கின பொறகு வெச்சுக்குவம்."

மறுநாள் உப்பளப் பக்கம் போகிறோம். திடீரென்று குறுக்கே ஓர் ஆடு. பின்னால் அதன் முழுக் குடும்பமும்.

"அடி! பிரேக்க அடி!"

காது கிழிந்தது. 'ங்க'வும் இல்லை, 'குறை நினைக்க வாணா'மும் இல்லை. கார் நின்றது. ஆடுகள் ஆறுதலாகக் கடந்து போயின.

"சரி டீச்சர்" என்றேன் நான்!

சத்தியமாக, தானாக வாயில் வந்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ட்ரயல் பாஸ், அல்ஹம்துலில்லாஹ்! நேற்று கிளினிக்குக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். பாலாவிச் சந்தி நெருங்கும்போது பக்கத்து சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் தொடங்கினார்.

"இஞ்சப் பாருங்க, நான் சொல்றேண்டு கோவிக்க வாணாம், இந்த இடத்தில..."

"முதல்ல பயனிலையச் சொல்லுங்க!" என்றேன்.